பின் சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். என் மகள் சுண்டெலிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பேசினால் பேச்சைவிடக் காற்றுதான் அதிகம் வருகிறது. மாமாவின் முதுகு வலி குறைந்ததா? அளவு எதையும் போனில் சொல்லக் கூடாது என்பது உன் பட்டறைச் சட்டம் என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன். உடன்பிறந்தவனுக்குக்கூடச் சட்டத்தில் சலுகை கிடையாது என்று போன தடவையே சொல்லிவிட்டாய்.

விஷயம் வேன்தான். இப்போதெல்லாம் சவாரி பேச வருகிறவர்கள் ஏசி இருக்கிறதா என்று இரண்டாவதாகத்தான் கேட்கிறார்கள். முதல் கேள்வி, "பாட்டுல பேஸ் நல்லா அடிக்குமாண்ணே?" என் ஸ்டாண்டில் மற்ற எல்லா வண்டியிலும் பின்னால் ஆளுயரத்துக்கு ஒரு டப்பா இருக்கிறது. என்னிடம் இருப்பது கதவில் இரண்டு ஸ்பீக்கர். போன மாதம் நான்கு சவாரி இதனாலேயே கைநழுவிப் போனது. இப்படியே போனால் வேனை விற்றுவிட்டு எங்காவது கம்பெனி டிரைவராகச் சேரவேண்டியதுதான். அது என்னால் முடியாது என்று உனக்கே தெரியும்.

நீ வண்டிகளுக்கென்றே செய்கிற ஹார்ன் பெட்டி ஒன்று எனக்கும் செய்து கொடு. இடம் சின்னது. பின் சீட்டுக்கு அடியில் நீளம் 118 செ.மீ., ஆழம் 42, உயரம் 27. சீட்டின் முதுகிலிருந்து பின் கதவு வரை 22. மூன்று தடவை அளந்தேன்.

வீட்டில் எல்லாவற்றுக்கும் சம்மதம். அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துவிட்டு வீடு வந்து சேர ஆறரை ஆகிவிடுகிறது. இதிலெல்லாம் மூக்கை நுழைக்க அவளுக்கு நேரம் கிடையாது. நீ என்ன சொன்னாலும் அப்படியே செய்வோம்.

உன் தம்பி

ஜனவரி 24

அன்புத் தம்பிக்கு,

மாமாவின் முதுகு அப்படியேதான் இருக்கிறது. பலகையைத் தூக்காதீர்கள் என்றால் தூக்குவார், டாக்டரிடம் வாருங்கள் என்றால் வரமாட்டார். சுண்டெலிக்குப் புதுப்பல் முளைக்கும் வரை கெட்டியாக எதையும் கடிக்கக் கொடுக்காதே.

ஹார்ன் என்றால் நீ சிக்னலில் அழுத்துகிற ஹார்ன் இல்லை, முதலில் அதைத் தலையில் ஏற்றிக்கொள். புனல் மாதிரி. ஸ்பீக்கரின் காற்று ஒரு குறுகலான கழுத்தில் நுழைந்து, கொஞ்சம் கொஞ்சமாக விரிகிற வழியில் போய், பெரிய வாய் வழியாக வெளியே வரும். தாழ்ந்த சத்தத்துக்கு அந்த வழி இரண்டு மீட்டராவது வேண்டும். வண்டியில் இரண்டு மீட்டருக்கு எங்கே போவது? அதனால் பெட்டிக்குள்ளேயே வழியை மடித்து மடித்து வைக்கிறோம். கடைசி மடிப்பை வண்டியே பார்த்துக்கொள்ளும். வாயைப் பின் கதவைப் பார்க்கத் திருப்பி வைத்தால் கதவும் தரையும் சேர்ந்து புனலின் மிச்சம் ஆகிவிடும். பாதிப் பேர் தங்களைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு, சத்தம் வரவில்லை என்று என்னைத் திட்டுகிறார்கள்.

நீ கொடுத்த இடத்தில் முடியாது. பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் அந்த உயரத்தில் நிற்கவே நிற்காது. பின் சீட்டைக் கழற்றினால்தான் உண்டு. வீட்டில் எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று எழுதியிருப்பதால் அதையும் சேர்த்துக்கொண்டேன். நான் பார்த்து வைத்த பெண் ஆயிற்றே, தங்கமானவள், எதற்கும் முகம் சுளிக்கமாட்டாள்.

பட்டறை வழக்கப்படி நீ சொன்னதைத் திருப்பி எழுதித் தனித்தாளில் வைத்திருக்கிறேன். அடியில் இரண்டு கோடு இருக்கும். ஒன்றில் நீ கையெழுத்துப் போடு, இன்னொன்றில் அவள். வண்டியை ஓட்டுகிறவன் ஒருத்தன், அதில் உட்காருகிறவர்கள் வேறே. ஒரு கையெழுத்தை நம்பி நான் பலகை அறுப்பதில்லை.

1. ஸ்பீக்கர், பன்னிரண்டு அங்குலம், ஒன்று.
2. காற்றின் வழி இரண்டு மீட்டர், மூன்று மடிப்பு.
3. பலகை பதினெட்டு மில்லிமீட்டர்.
4. பெட்டியின் வாய் பின் கதவைப் பார்க்கும்.
5. பின் சீட்டை எடுக்க வீட்டில் முழுச் சம்மதம்.

தாள் வந்ததும் வேலையைத் தொடங்குகிறேன்.

உன் அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். சவாரி சவாரி என்று அலைந்ததில் எழுத உட்காரவே முடியவில்லை.

அந்தத் தாள் எங்கோ கைமாறிப் போய்விட்டது. கிடைத்ததும் அனுப்புகிறேன். அதற்காகக் காத்திருக்கவேண்டாம்.

பின் சீட்டை எடுத்தாகிவிட்டது. இடது பக்கத்து ஒற்றை சீட்டுகள் இரண்டையும் மடித்துக் கட்டிவிட்டேன். அதனால் பெட்டியின் அளவை மாற்றிக்கொள். வேனின் இடது ஓரமாக நீளவாக்கில் நீளம் 180, அகலம் 60, உயரம் 40. மேலே பலகை ஒரே சமமாக இருக்கவேண்டும், ஆணித்தலை, பிடி, ஒன்றும் துருத்தக் கூடாது. எண்பது கிலோ தாங்கவேண்டும்.

இன்னொன்று. இனிமேல் கடிதத்தை வீட்டுக்குப் போடாதே. வேன் ஸ்டாண்டின் புக்கிங் அறை முகவரியை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன், அதற்கே போடு. எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்திருக்கிற தபால்காரர் சரியில்லை.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

மார்ச் 23

அன்புத் தம்பிக்கு,

மாமா கேட்டதற்கு நன்றி சொன்னார். நான் நன்றாக இல்லை. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். நிதானமாகப் பதில் எழுது.

பதினொரு பேர் உட்காரும் வண்டி. பின் சீட்டில் மூன்று, ஒற்றை சீட்டில் இரண்டு, ஐந்து இடம் போய்விட்டது. ஆறு பேரை ஏற்றிக்கொண்டு நீ எப்படிப் பிழைப்பாய்? பாட்டுக் கேட்க ஆள் வேண்டாமா? சவாரி போகிறது என்றுதானே பெட்டி கேட்டாய்? கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குகிற கதையாக இருக்கிறது.

180 நீளம் எதற்கு? நான் சொன்ன வழியையெல்லாம் 110 நீளத்தில் மடித்து முடித்துவிடுவேன். மிச்சம் 70 வெறும் காலிப் பலகை. எண்பது கிலோ எதற்கு? பெட்டிமேல் யானையையா ஏற்றப்போகிறாய்?

தாள் கைமாறிப் போய்விட்டது என்றால் யார் கைக்குப் போனது? உன் வீட்டில் இருப்பதே இரண்டரைப் பேர். தபால்காரர் சரியில்லை என்கிறாய், ஆனால் என் ஜனவரிக் கடிதம் உனக்குச் சரியாகத்தானே வந்து சேர்ந்தது? இல்லாவிட்டால் சீட்டை எடுக்கவேண்டும் என்பது உனக்கு எப்படித் தெரியும்?

போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். அவளுக்குப் போட்டால், "அவர் லாங் டிரிப் போயிருக்காரு அண்ணி" என்கிறாள். இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் லாங் டிரிப்தான். அவ்வளவு தூரமான ஊர் எது என்று கேட்டேன். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

பதில் வரும் வரை பலகையைத் தொடமாட்டேன்.

உன் அக்கா

ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீ நலமாக இல்லை என்று எழுதியது என்னைச் சுட்டது. ஒன்றும் இல்லாத விஷயத்துக்கு நீ இப்படிக் குழம்பவேண்டாம்.

நீளம் சாமான் அடுக்குவதற்கு. வருகிறவர்கள் எல்லாம் பெரிய பெரிய பெட்டியோடு வருகிறார்கள். எண்பது கிலோவும் அதற்குத்தான். துல்லியமாகச் சொன்னால் எழுபத்து நான்கு. உனக்கு எதிலும் துல்லியம் வேண்டுமே.

இன்னும் சிலது விட்டுப்போயிற்று. மூலைகளை உருட்டிவிடு, கூராக வேண்டாம். மடிப்புகளுக்கு நடுவில் உபயோகமில்லாத முக்கோண மூலைகள் வரும், அதில் மணல் போட்டு அடைப்போம் என்று முன்னொரு நாள் சொன்னாயே, அதை அடைக்காதே. ஒரு சின்னக் கதவு வைத்துக் கொடு, நான்கு சட்டை மடித்து வைக்கிற அளவு. ஒரு பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டு ஒன்று, தண்ணீர் பாட்டிலும் கண்ணாடியும் வைக்கலாம். முக்கியமானது, பெட்டியின் வாய் தலைப்பக்கம் வேண்டாம். கால் பக்கம் இருக்கட்டும்.

பேஸ் அவ்வளவு முக்கியமில்லை. இஞ்சினை அணைத்த பிறகும் பேட்டரியில் மெல்லிசாக ஓடினால் போதும். ஸ்டாண்டில் ஒன்பது மணிக்கு மேல் ஒரே அமைதி. எதுவும் ஓடாவிட்டால் மண்டைக்குள் இருக்கிறதெல்லாம் ஓட ஆரம்பித்துவிடுகிறது.

சுண்டெலிக்குப் பல் முளைத்திருக்கும்.

உன் தம்பி

மே 2

அன்புள்ள தங்கத்துக்கு,

நீயும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள் என்று சம்பிரதாயத்துக்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

போன வாரம் உன் புருஷன் கேட்ட பெட்டியைத் தரையில் வரைந்தேன். பட்டறையில் அது வழக்கம். காகிதத்தில் எவ்வளவு கணக்குப் போட்டாலும், அறுப்பதற்கு முன்னால் நிஜ அளவில் சுண்ணக்கட்டியால் தரையில் வரைந்து பார்த்துவிடுவேன். நீளம் 180, அகலம் 60. உருண்டை மூலை. ஒரு கோடியில் வாய். சட்டை வைக்க ஒரு குழி. பாட்டிலும் கண்ணாடியும் வைக்க ஒரு தட்டு. வரைந்து முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்க்கிறேன், எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. பதினாறு வருஷமாக வண்டிக்குப் பெட்டி செய்கிறேன். இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

மாமா வந்து பார்த்தார். "என்ன இது, சவப்பெட்டியா?" என்றார். அபசகுனமாகப் பேசாதீர்கள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கோட்டுக்குள் முதுகைச் சாய்த்துப் படுத்தார். படுத்தபடியே இடது கையை நீட்டினார். கை நேராகத் தட்டில் போய் விழுந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அதில் வைத்தார். "நல்லாத்தான் இருக்கு. இதுல தெனம் படுத்தா முதுகு நேராயிடும்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுபத்து நான்கு கிலோ அவன் எடை. அவன் என்னிடம் பெட்டி கேட்கவில்லை. கட்டில் கேட்டிருக்கிறான்.

அவன் வேனில்தான் படுக்கிறானா? எத்தனை நாளாக? ஏன்? நான்தான் உன்னைப் பார்த்து, பேசி, முடித்து வைத்தேன். அதனால் இரண்டு பேரும் என்னிடம் மறைக்கிறீர்கள் என்பது புரிகிறது. மற்றது எதுவும் புரியவில்லை. நான் ஏதாவது தப்புச் செய்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுது.

அன்புடன்
உன் அண்ணி

மே 30

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

நானும் குழந்தையும் நலம். அவளுக்கு இரண்டு பல்லும் வந்துவிட்டன. இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன், அதனால்தான் தாமதம்.

ஜனவரி கடைசியில் உங்கள் கடிதம் வந்தது. வீட்டுத் தபாலைப் பிரிப்பது எப்போதும் நான்தான். அதில் எனக்கென்று ஒரு கோடு போட்ட தாளும் இருந்தது. ஐந்தாவதாக எழுதியிருந்ததைப் படித்தேன். பின் சீட்டை எடுக்க வீட்டில் முழுச் சம்மதம் என்று இருந்தது. என்னிடம் யாரும் கேட்கவில்லை, அண்ணி. பெட்டி வாங்கப் போகிறார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் சவாரி எடுப்பதில்லை. நாங்கள் மூன்று பேரும் வேனில் எங்காவது போவோம். பெரிய இடம் ஒன்றும் இல்லை, ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்புவோம். குழந்தைக்கு முன்னால் உட்காரப் பிடிக்காது, பின் சீட்டு ஜன்னல்தான் வேண்டும். நானும் அவளோடு உட்காருவேன். வாரம் முழுதும் லென்ஸைப் பார்த்துத் தேய்கிற கண்ணுக்கு அந்த ஒரு நாள்தான் தூரத்தில் எதையாவது பார்க்கக் கிடைக்கும்.

நான் சண்டை போடவில்லை. தாளைக் காட்டி, "அப்ப நாங்க எங்க உக்கார்றது?" என்று கேட்டேன். அவர் தொழில் கவலையில் இருந்தார். "பஸ்ல வாங்க" என்றார்.

அவ்வளவுதான். நான் அதற்குமேல் பேசவில்லை. நான் பேசாமல் இருந்தது அவருக்கு இன்னும் கோபம். மறுநாளே சீட்டைக் கழற்றிக்கொண்டு வந்து ஹாலில் இறக்கிவிட்டு, "நீயா கூப்பிடற வரைக்கும் வரமாட்டேன்" என்று போய்விட்டார். போகிறவர் தானாகத் திரும்பி வரட்டும் என்று நானும் இருந்துவிட்டேன். நான்கு மாதம் ஆகிறது. வாரம் ஒரு தடவை குழந்தையைப் பள்ளி வாசலில் பார்த்துவிட்டுப் போகிறார்.

சீட்டு வீட்டுக்குள் இருக்கிறது, அவர் வேனுக்குள் இருக்கிறார். குழந்தை அதில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். நேற்று என்னிடம், "அம்மா, இது எப்பக் கெளம்பும்?" என்று கேட்டாள்.

யார் முதலில் பேசவேண்டும் என்பது எனக்கே குழப்பமாக இருக்கிறது. உங்கள்மேல் கோபம் இல்லை. அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது.

உங்கள் தம்பி மனைவி

ஜூன் 27

தம்பிக்கு,

மாமா, முதுகு, நான், எல்லாம் அப்படியே. இதோடு பார்சல் லாரியில் ஒரு பெட்டி வருகிறது. நீ கேட்ட பெட்டி இல்லை.

நீளம் 116, ஆழம் 40, உயரம் 25. ஜனவரியில் நீ மூன்று தடவை அளந்து அனுப்பிய இடத்துக்குச் செய்தது. அப்போது முடியாது என்றேன். முடியாது என்பது இல்லை, பன்னிரண்டு அங்குலத்தை விட எனக்கு மனசு வரவில்லை. எட்டு அங்குலம் என்று ஒத்துக்கொண்டதும் வழி தானாகக் கிடைத்தது. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய், திரும்பி வந்து, பின்பக்கமாகத் திறக்கிறது. இரண்டு மீட்டருக்கு மூன்று அங்குலம் குறைச்சல். அந்த மூன்றை உன் பின் கதவு கொடுத்துவிடும், அதற்குத்தான் அந்த 22 செ.மீ. சந்து. மூன்று மாதிரி செய்து இரண்டை உடைத்தேன். இங்கே ஒரு பழைய வேனில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் உதிர்ந்தது.

ஒரு சுயநலமான அக்கா, கை பழகிய அளவுக்கு ஏற்ற மாதிரி வண்டியை வெட்டச் சொன்னாள். வண்டிக்கு ஏற்ற மாதிரி பெட்டியை யோசித்திருக்கவேண்டும். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

பெட்டிக்கென்று தனி போல்ட் கிடையாது. நான்கு மூலையிலும் இருக்கும் ஓட்டைகள் உன் பின் சீட்டின் கால்களுக்கு நேராக வரும். சீட்டின் காலை வைத்து, அதே போல்ட்டில் சேர்த்து இறுக்கினால்தான் பெட்டி தரையோடு நிற்கும்.

இதன்மேல் யாரும் படுக்கமுடியாது.

உன் அக்கா

ஜூலை 14

அக்காவுக்கு,

பெட்டி வந்தது. சுகம்தான். ஸ்டாண்டில் எல்லாரும் கூடி நின்று தட்டித் தட்டிப் பார்த்தார்கள். இவ்வளவூண்டுதானா என்று சிரித்தார்கள்.

வைத்துப் பார்த்தேன். வாயைப் பின் கதவுக்குத் திருப்பித்தான் வைத்தேன். சத்தம் போடும் முன்னாலேயே பெட்டி கிடந்து ஆடுகிறது. கயிற்றால் கட்டினேன், கடகடவென்று அடித்துக்கொண்டது. மேலே இரண்டு சிமெண்ட் மூட்டை ஏற்றினேன். அதற்கும் அடங்கவில்லை, வண்டி முழுதும் சிமெண்ட் தூள் பறந்ததுதான் மிச்சம். இருமிக்கொண்டே பாட்டுக் கேட்டேன். ஸ்டாண்டில் இருந்தவர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

போல்ட்டுக்கு வேறே ஏதாவது வழி இருக்கிறதா? இரும்புப் பட்டை வைத்து இறுக்கலாமா? சீட்டு இப்போதைக்கு என்னிடம் இல்லை. எங்கே இருக்கிறது என்று கேட்காதே.

கடைசி வரியில் எதற்கு அப்படி எழுதினாய் என்று புரியவில்லை. பெட்டிமேல் யார் படுக்கப் போகிறார்கள்?

உன் தம்பி

ஜூலை 22

தம்பி,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதும்.

சீட்டு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நீ எங்கே இருக்கிறாய் என்றும் தெரியும். சுண்டெலி எதில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள் என்று உனக்குத் தெரியுமா? அது எப்பக் கெளம்பும் என்று அம்மாவைக் கேட்கிறாளாம். இதைப் படித்துவிட்டு நான் பட்டறையில் மிஷினை நிறுத்திவிட்டு அழுதேன். மாமா தூசி விழுந்துவிட்டது என்று நினைத்துக் கண்ணில் ஊத வந்தார்.

அவள் கூப்பிட்டால்தான் வருவேன் என்றாயாமே. பஸ்ஸில் வா என்று சொன்ன வாய் யாருடையது? அவள் வாயைத் திறக்கவில்லை என்று உனக்கு ஆறு மாதமாகக் கோபம். இரும்புப் பட்டை வேண்டாம், சிமெண்ட் வேண்டாம். ஜனவரியில் நீ, வீட்டில் சம்மதம் என்று ஒரு பொய் எழுதினாய். நான் அதை நம்பி நம்பர் போட்டு எழுதினேன். இரண்டு பேரும் சேர்ந்துதான் அவளை எழுப்பிவிட்டு அவள் இடத்தில் பெட்டி வைத்தோம். என் பங்குக்கு மன்னிப்புக் கேட்டு அவளுக்கு எழுதிவிட்டேன். உன் பங்கைத் தபாலில் அனுப்ப முடியாது.

ஞாயிற்றுக்கிழமை போ. சீட்டை எடுக்க வந்தேன் என்று சொல்லாதே.

உன் அக்கா

ஆகஸ்ட் 16

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். மாமாவை ஒரு நல்ல டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

மூன்று ஞாயிறுக்கு முன்னால் காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தேன். தலையெல்லாம் சிமெண்ட் தூளோடு நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு, "பஸ்ல வந்தேன்" என்றார். வேனை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் வந்துவிட்டது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. குளித்துவிட்டு வரச் சொன்னேன்.

சீட்டை எடுத்துக்கொண்டு போய் மாட்டியாகிவிட்டது. ஹாலில் நான்கு கால் தடம் இருக்கிறது. குழந்தை அந்த இடத்தைச் சுற்றித்தான் நடக்கிறாள்.

பெட்டி இப்போது ஆடவில்லை. ஆற்றுப் பாலம் வரை போனோம். சத்தம் காதுக்கு அதிகம் வரவில்லை, ஆனால் உட்கார்ந்திருக்கிற இடத்தில் முதுகுக்குள் இறங்குகிறது. குழந்தை, "அத்தை சீட்டுக்கு அடியில ஒளிஞ்சிருக்காங்க" என்கிறாள். சவாரி இரண்டு வந்திருக்கிறது. இன்னும் வரும் என்கிறார். வராவிட்டாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன்.

உங்கள் ஜனவரித் தாளை இதோடு திருப்பி அனுப்புகிறேன். பட்டறைச் சட்டப்படி இரண்டு கோட்டிலும் கையெழுத்து இருக்கிறது. முதல் வரியில் பன்னிரண்டை அடித்து எட்டு என்று அவர் எழுதியிருக்கிறார். ஐந்தாவது வரியில் இரண்டு சொல்லை நான் அடித்துவிட்டு, மேலே எழுதியிருக்கிறேன்.

5. பின் சீட்டில் உட்கார வீட்டில் முழுச் சம்மதம்.

உங்கள் தம்பி மனைவி